ஸ்பிரேக் நெட்டைக்காலிக்குச் சட்டப் பாதுகாப்பு ஏன் மறுக்கப்பட்டது?

கேள்வி இதுதான்: வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் ஸ்பிரேக் நெட்டைக்காலி என்னும் சிறு பறவை நாற்பது ஆண்டுகளில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டதாகக் கணக்கெடுப்புகள் காட்டின. ஆனாலும் 2016-இல் அமெரிக்க அரசு அதை அருகிவரும் உயிரினங்களின் பட்டியலில் சேர்க்க மறுத்தது. இது சரிதானா? ஒரு பறவைக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமா வேண்டாமா என்பதை எப்படி மதிப்பிடுகிறார்கள்?

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் 2016-ஆம் ஆண்டு முடிவைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைப் படித்துவிட்டுப் பறவை நலமாக இருக்கிறது என்று யாராவது நினைத்தால் அது பெரும்பிழை. எவ்வளவு குறைந்தது என்று சட்டம் கேட்பதில்லை. எஞ்சியிருப்பதும் இல்லாமல் போய்விடுமா என்றுதான் கேட்கிறது. முதல் கேள்வியை நினைத்து மக்கள் கொதிக்கிறார்கள். அதிகாரிகள் இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். இருவரும் ஒரே பறவையைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழுவதே இல்லை.

பறவையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் மதிப்பீட்டின் சிக்கல் பாதி அதன் இயல்பிலேயே இருக்கிறது. 1843-இல் அமெரிக்கப் பறவையியலாளர் ஆடுபான் மிசௌரி ஆற்றின் வழியே மேற்கொண்ட பயணத்தில் உடன் சென்ற ஓவியர் ஐசக் ஸ்பிரேக்கின் பெயரைத்தான் இது சுமக்கிறது. எடை 25 கிராம் அளவுதான். காய்ந்த புல்லின் நிறம், முதுகில் பழுப்புக் கீற்றுகள். தரையில் நடந்தால் நான்கடி தூரத்தில் இருந்தாலும் கண்ணில் படாது. மரத்தில் அமரும் வழக்கம் இல்லை. அது வாழும் இடத்தில் மரமும் இல்லை. ஆண் பறவை பாடுவதற்கு வானத்துக்குத்தான் போகிறது. ஐம்பது, நூறு மீட்டர் உயரத்தில் வட்டமிட்டபடி, மேலிருந்து கீழே சரியும் சலங்கை ஒலிபோல ஒரே சொற்றொடரைத் திரும்பத் திரும்பப் பாடும். அரை மணி நேரம் பாடுவது அதற்குச் சாதாரணம். மூன்று மணி நேரம் இறங்காமல் பாடியதும் பதிவாகியிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் வெறும் வானம்தான் தெரியும், பாட்டு மட்டும் பொழிந்துகொண்டிருக்கும். முடித்ததும் சிறகை மடக்கிக் கல்லைப் போல விழும், புல் நுனியைத் தொடும் நேரத்தில் சிறகை விரிக்கும். கூடு தரையில், புற்கற்றையின் அடியில் இருக்கும். பல கூடுகளுக்கு மேலே வளைந்த புல்லே கூரை.

கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மானிடோபா மாகாணங்களிலும் அமெரிக்காவின் மொன்டானா, வட டக்கோட்டா, தென் டக்கோட்டா மாநிலங்களிலும் இனப்பெருக்கம் செய்கிறது. குளிர்காலத்தை டெக்சாஸ் உள்ளிட்ட தென் மாநிலங்களிலும் வட மெக்சிகோவின் சிவாவா புல்வெளிகளிலும் கழிக்கிறது. மூன்று நாடுகளின் நிலம், ஒரே பறவை. எந்த ஒரு நாட்டின் சட்டமும் அதன் வாழ்வை முழுதாகத் தாங்கிப் பிடிக்க முடியாது என்பதை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக் கண்ணுக்குத் தெரியாத பறவையை எப்படி எண்ணுகிறார்கள்? காதால்தான். 1966 முதல் நடந்துவரும் வட அமெரிக்க இனப்பெருக்கப் பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலர் ஒருவர் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு, குறித்து வைக்கப்பட்ட சாலையின் தொடக்கத்தில் நிற்கிறார். மூன்று நிமிடம். நானூறு மீட்டருக்குள் கண்ணில் பட்டதும் காதில் கேட்டதும் எல்லாம் தாளில் ஏறும். பிறகு வண்டியை எடுத்து அரை மைல் தள்ளி மறுபடி மூன்று நிமிடம். இப்படி ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் 50 நிறுத்தங்கள். அதே சாலை, அதே நிறுத்தங்கள், ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஜூன் மாதத்தில். எளிமையான முறைதான், ஆனால் கண்டம் முழுவதற்கும் அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ச்சியாகக் கிடைக்கும் பதிவு இது. இதற்காக விடியலில் எழுந்து போனவர்கள்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் இது சாலையோரக் கணக்கு. ஸ்பிரேக் நெட்டைக்காலியோ சாலையை விட்டு விலகி வாழும் பறவை. சாலையோரப் பள்ளத்தில் வெளியிலிருந்து வந்த புல் வளர்கிறது. அதற்கு வேண்டியது பூர்வீகப் புல். ஆகவே இந்தக் கணக்கை வைத்து மொத்தம் எத்தனை பறவை என்று சொன்னால் அந்த எண்ணைத் தயக்கத்தோடுதான் ஏற்க வேண்டும். போக்கு வேறு விஷயம். சாலை மாறாமல், நிறுத்தம் மாறாமல் இருந்தால், முன்பு பத்து கேட்ட இடத்தில் இப்போது இரண்டு கேட்கிறது என்பது உண்மையான செய்தி. மண் சாலை தார்ச் சாலையாகி, எண்ணெய் லாரிகள் ஓடத் தொடங்கியிருந்தால் மட்டும் அந்தச் செய்தியிலும் கலப்படம் உண்டு. மதிப்பீட்டை எழுதுபவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இனி, சிறிய எண்கள் எப்படி ஏமாற்றும் என்பதைப் பாருங்கள். ஆண்டுக்கு 4 விழுக்காடு குறைகிறது என்றால் கேட்பவருக்கு அது பெரிதாகத் தோன்றாது. நாற்பது ஆண்டு இப்படியே போனால் 80 விழுக்காடு போய்விடும். வட்டிக்கு வட்டி போடுவதை நேர்மாறாகச் செய்தால் வரும் கணக்கு இது. ஆனால் இதே கணக்கு மறுபக்கமும் வெட்டும். 2016-க்கு முந்தைய மதிப்பீடுகள் இந்தப் பறவைகளின் மொத்த எண்ணிக்கையை ஏறக்குறைய 9 லட்சம் என்றன. ஆண்டுக்கு 3 விழுக்காடு வீதம் ஐம்பது ஆண்டு குறைந்தாலும் 2 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக மிஞ்சும். 4 விழுக்காடு என்றால் சுமார் 1.2 லட்சம். இரண்டும் வருந்தத்தக்க எண்கள்தாம். ஆனால் 1.2 லட்சம் பறவை உள்ள இனத்தை அழிவின் விளிம்பில் நிற்கிறது என்று சட்டத்தின் மொழியில் சொல்வது கடினம்.

உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் குறைந்துபோன வேகத்துக்கே தனி அளவுகோல் வைத்திருக்கிறது. பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்தில் 30 விழுக்காடு குறைந்தால் அழிவாய்ப்பு உள்ள இனம், 50 என்றால் அருகிவிட்ட இனம், 80 என்றால் மிக அருகிவிட்ட இனம். குறுகிய ஆயுள் கொண்ட சிறு பறவைகளுக்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுக் கணக்குதான் பொருந்தும். ஆண்டுக்கு 3 விழுக்காடு வீதம் பத்து ஆண்டில் 26 விழுக்காடு போகும், பட்டியலுக்குள் வராது. 4 விழுக்காடு என்றால் 34, வந்துவிடும். ஒரு விழுக்காடு வித்தியாசம், அதுவும் சாலையோரத்தில் காதால் கேட்டு எடுத்த கணக்கில்! அந்தக் கணக்கின் பிழை வரம்பு இதைவிடப் பெரிதாக இருக்கலாம். வகைப்பாட்டின் பெயரைப் பிடித்துக்கொண்டு வாதாடுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஒரு விழுக்காட்டைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்கச் சட்டத்துக்கு வருவோம். அருகிவரும் உயிரினங்கள் சட்டம் 1973-இல் வந்தது. இது சிவப்புப் பட்டியலின் எண்களை ஏற்பதில்லை; எந்த எண்ணையும் சொல்வதில்லை. வாழிடம் முழுவதிலும் அல்லது அதன் முக்கியமான ஒரு பகுதியில் அழிந்துபோகும் ஆபத்தில் இருந்தால் அருகிவரும் இனம். கணிக்கக்கூடிய எதிர்காலத்துக்குள் அந்த நிலைக்கு வரும் வாய்ப்பு மிகுந்திருந்தால் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம். காரணங்கள் ஐந்து: வாழிடம் அழிவது அல்லது சிதைவது, வணிகம் போன்றவற்றுக்காக மிகையாகப் பிடிப்பது, நோயும் இரைகொல்லிகளும், ஏற்கெனவே உள்ள சட்ட ஏற்பாடுகளின் போதாமை, இவற்றில் அடங்காத இயற்கையான அல்லது மனிதரால் வந்த பிற காரணங்கள். ஒன்று நிரூபணமானாலே போதும். ஆனால் அந்த ஒன்று இனத்தையே அந்த நிலைக்குத் தள்ளுவதாக இருக்க வேண்டும். பட்டியலில் சேர்ப்பதா என்பதைக் கிடைக்கும் சிறந்த அறிவியல் தகவல்களை மட்டுமே வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று 1982-ஆம் ஆண்டுத் திருத்தம் கட்டிப்போட்டது. செலவு எவ்வளவு, யாருக்கு நட்டம் என்ற பேச்சுக்கு அந்தக் கட்டத்தில் இடமில்லை.

மனுவை யார் வேண்டுமானாலும் போடலாம். இந்தப் பறவைக்காக 2008-இல் வைல்ட்எர்த் கார்டியன்ஸ் என்னும் அமைப்பு போட்டது. 2010-இல் இந்தப் பட்டியலைக் கவனிக்கும் அரசுத் துறையான மீன் மற்றும் வனவிலங்கு சேவை தந்த பதில் வினோதமானது: பாதுகாப்பு தேவைதான், ஆனால் இதைவிட அவசரமான இனங்கள் வரிசையில் இருப்பதால் இப்போது இயலாது. சட்டம் அனுமதிக்கும் பதில்தான் இது. இப்படிக் காத்திருக்கும் இனத்துக்கு இந்தச் சட்டத்தின் காவல் எதுவும் கிடையாது. 2011-இல் ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி, காத்திருந்த 250-க்கும் மேற்பட்ட இனங்களைப் பற்றி ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டிய நிலை வந்தது. ஸ்பிரேக் நெட்டைக்காலிக்கு 2016 ஏப்ரலில் "தேவையில்லை" என்ற முடிவு வந்தது. முன்பு அஞ்சிய அளவுக்கு அச்சுறுத்தல்கள் கடுமையாகவோ உடனடியாகவோ இல்லை என்பது அதன் சாரம்.

இந்த இடத்தில் பலர் குழம்புகிறார்கள்: சட்டப் பாதுகாப்பே இல்லையா என்று. இருக்கிறது. 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவை ஒப்பந்தச் சட்டம் இந்தப் பறவையைக் கொல்வதையும் பிடிப்பதையும் முட்டை எடுப்பதையும் நூறாண்டுக்கு மேலாகத் தடுத்துவருகிறது. ஆனால் இந்தப் பறவையை யாரும் சுடவில்லை. அதன் புல்லைத்தான் உழுகிறார்கள். ஏப்ரலில் பறவை தெற்கிலிருந்து திரும்பி வருவதற்குள் நிலத்தை உழுது கோதுமை விதைத்துவிட்டால், கொல்லப்பட்ட பறவையும் இல்லை, உடைந்த முட்டையும் இல்லை, குற்றமும் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டு அங்கே பாட்டுக் கேட்காது. ஐந்து காரணங்களில் நான்காவதாக உள்ள போதாமைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வாழிடத்தைப் பொறுத்தவரை இந்தப் பறவை சமரசம் செய்துகொள்ளாது. துண்டு துண்டாக மொத்தம் ஆயிரம் ஹெக்டேர் இருந்தாலும் அதற்குப் பயனில்லை. ஒரே வீச்சில் விரிந்த புல்வெளி வேண்டும். சஸ்காச்சுவானில் நடந்த ஆய்வொன்று ஏறக்குறைய 145 ஹெக்டேருக்குக் குறைந்த துண்டுகளில் இது அரிதாகவே காணப்படுகிறது என்று கண்டது. அதனால் நிலப்பதிவேட்டில் "புல்வெளி" என்று எழுதியிருப்பதைக் கூட்டிப் போட்டு வாழிடம் இவ்வளவு என்று காட்டுவது ஏமாற்று. நடுவில் ஒரு எண்ணெய்க் கிணறும் அதற்குப் போகும் சாலையும் வந்தால், அவை விழுங்கும் நிலம் கொஞ்சம்தான்; ஆனால் பறவை அவற்றைச் சுற்றியும் விலகிப் போகிறது. ஒருமுறை உழுத நிலத்தில் அயல் புல்லை விதைத்துப் பச்சையாக்கினாலும் பழைய புல்வெளி திரும்பாது. காட்டெருமையும் காட்டுத்தீயும் மேய்ந்து எரித்துப் பக்குவப்படுத்திய நிலம் அது. தீயை முழுதாக அணைத்துவிட்டால் புதரும் மரமும் ஏறுகின்றன. நல்லெண்ணத்தோடு மரம் நடுபவர்களும் இந்தப் பறவையை விரட்டுகிறார்கள் என்று சொன்னால் பலருக்கு மனம் ஒப்பவில்லை.

பட்டியலில் சேர்த்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அரசு நிதியோ அனுமதியோ தேவைப்படும் ஒவ்வொரு திட்டத்துக்கும் முன்பாக வனவிலங்கு சேவையைக் கலந்தாலோசிக்க வேண்டியிருக்கும். வாழிடத்தைச் சிதைத்துப் பறவையைக் கொல்வதும் காயப்படுத்துவதும் "தீங்கு" என்பதில் அடங்கும் என்ற விதியை 1995-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் இந்தப் பறவையின் நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது. அதில் எஞ்சியிருக்கும் பூர்வீகப் புல்லைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் யார்? மாடு வளர்ப்பவர்கள். மாட்டுக்குப் புல் வேண்டும் என்பதால் உழாமல் விட்டவர்கள். சட்டத்துக்குப் பயந்து அவர்கள் முந்திக்கொண்டு ஏர் பூட்டினால் கெட்டது பறவைதான். வீண் பயம் இல்லை இது. வட கரோலினாவில் பட்டியலில் இருந்த ஒரு மரங்கொத்தி அருகில் வசித்த இடங்களில், காட்டு உரிமையாளர்கள் அது தங்கள் மரத்தில் குடியேறும் முன்பே மரத்தை வெட்டிவிட்டதை இரண்டு பொருளியலாளர்கள் 2003-இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. அச்சுறுத்தலுக்கு உள்ளானது என்ற வகையில் சேர்த்தால் அந்த இனத்துக்கென்றே தனி விதி எழுதலாம். பசிபிக் வடமேற்கின் கீற்றுக் கொம்பு வானம்பாடியை 2013-இல் அப்படித்தான் சேர்த்தார்கள். வழக்கமான வேளாண் வேலைகளுக்கும் விமான நிலையப் பராமரிப்புக்கும் விலக்குத் தந்தார்கள், ஏனென்றால் மரமற்ற வெட்டவெளியை விரும்பும் அந்தப் பறவை வயலிலும் ஓடுதள ஓரத்திலும்தான் கூடு கட்டுகிறது. நெட்டைக்காலிக்கும் மேய்ச்சலை அனுமதித்து உழவைத் தடுக்கும் விதி ஒன்றை எழுதியிருக்க முடியும் என்பது என் கருத்து. இந்த யோசனைக்கு இடம் தராமல், தேவை அல்லது தேவையில்லை என்ற இரண்டே பதிலில் நம் பேச்சு முடிந்துபோவதுதான் எனக்கு வருத்தம்.

கனடா 2003-இலேயே தன் சட்டத்தின் கீழ் இந்தப் பறவையை அச்சுறுத்தலுக்கு உள்ளானதாக அறிவித்தது. அங்கே நடைமுறை வேறு: அறிவியல் குழு பரிந்துரைக்கிறது, அமைச்சரவை முடிவெடுக்கிறது, பொருளாதார விளைவுகளையும் அது எடைபோடலாம். செலவைப் பார்க்கக் கூடாது என்ற அமெரிக்காவில் மறுப்பு, பார்க்கலாம் என்ற கனடாவில் அனுமதி. அறிவியல் ஒன்றே என்றாலும் கேள்வியை எப்படி வைக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது கவலை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் மஞ்சள் மார்பு பன்டிங் என்னும் சிறு பறவை. பின்லாந்திலிருந்து ஜப்பான் வரை ஈரப்புல்வெளிகளில் கோடிக்கணக்கில் இருந்த பறவை. 2004 வரை சிவப்புப் பட்டியலில் கவலைக்குரியதல்ல என்ற வகையில்தான் இருந்தது. 2017-இல் மிக அருகிவிட்ட இனம். வலசைப் பாதையில், குறிப்பாகச் சீனாவில், உணவுக்காக வலைவீசிப் பிடித்தார்கள்; அங்கே 1997-இல் தடை வந்த பிறகும் கள்ளச்சந்தை ஓயவில்லை. லட்சம், கோடி என்ற எண்ணுக்குள் பாதுகாப்பு ஒளிந்திருப்பதாக நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதுவே போதும்.

காத்திருந்தால் ஆகும் செலவையும் பார்க்க வேண்டும். புளோரிடாவின் வெட்டுக்கிளிக் குருவித் துணையினம் 1986-இல் பட்டியலில் சேர்ந்தது. காக்கப்பட்ட நிலங்களிலேயே அது சரிந்தது. தீ எறும்பு, வெள்ளம், ஒட்டுண்ணி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. காட்டில் நூற்றுக்கும் குறைவாக எஞ்சிய நிலையில், கூண்டில் வளர்த்த பறவைகளை 2019-இல் விடத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கூட்டைச் சுற்றியும் வேலி, எறும்புப் புற்றுக்குக் கொதிநீர். சட்டம் இருந்ததால்தான் அத்தனை பேர் அந்தச் சில பறவைகளுக்காக மண்டியிட்டு வேலை செய்தார்கள் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பறவையை அந்த நிலைக்கு விட்டபிறகு மீட்பது எவ்வளவு துயரமான வேலை என்பதையும் மறைக்க முடியாது.

மறுபுறம், ஹென்ஸ்லோ குருவி என்னும் இன்னொரு புல்வெளிப் பறவை அமெரிக்கப் பட்டியலில் சேரவில்லை. ஆனால் 1985-இல் தொடங்கிய நில இருப்புத் திட்டத்தில், உழாமல் புல் வளர்க்க உழவர்களுக்கு அரசு பணம் தந்தது. இல்லினாய் மாநிலத்தில் அந்தப் புல்லில் இந்தக் குருவி மீண்டது. 2007-இல் அந்தத் திட்டத்தில் ஏறக்குறைய 3.7 கோடி ஏக்கர் இருந்தது. பிறகு தானிய விலை ஏறியது, ஒப்பந்தங்கள் முடிந்தன, பல லட்சம் ஏக்கர் மறுபடி ஏருக்குப் போனது. பணத்தால் கிடைக்கும் பாதுகாப்பு விலைவாசியோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

இத்தனையும் வைத்துப் பார்த்தால் 2016-ஆம் ஆண்டுக் கோப்பில் எனக்கு நெருடுவது பறவையின் மொத்த எண்ணிக்கையின்மேல் ஏற்றிய பாரம். சாலையை வெறுக்கும் பறவையைப் பற்றிச் சாலையில் நின்று கணித்த எண் அது. சிவாவா புல்வெளிகள் பாசன வயல்களாக மாறும் வேகமும், வடக்கே 145 ஹெக்டேருக்கு மேற்பட்ட பூர்வீகப் புல்வெளிகள் ஆண்டுதோறும் எத்தனை உடைகின்றன என்ற கணக்கும் இன்னும் கனமாக எடைபோடப்பட்டிருக்க வேண்டும். இவற்றைச் செயற்கைக்கோள் படங்களில் ஒவ்வோர் ஆண்டும் அளக்க முடியும். அடுத்த மனுவுக்கு நான் கருத்து எழுதினால், பறவை இரண்டு லட்சமாகக் குறைந்துவிட்டதா என்று கேட்க மாட்டேன். பெரிய துண்டுகள் உடையும் வேகம் முந்தைய ஐந்தாண்டைவிடக் கூடியிருந்தாலே கோப்பைத் திறக்கும்படி கேட்பேன், மேய்ச்சலுக்கு விலக்குத் தரும் தனி விதியின் வரைவையும் அந்தக் கடிதத்தோடு இணைத்து அனுப்புவேன்.